காலம் அளிக்கும் தீர்ப்பு

ஒரு செயல் நடைபெறும் காலத்தில், அது தீது என்று சான்றோர் ஒருவர் இடித்துரைக்கிறார். செய்பவர்கள் செவிசாய்க்கவில்லை, செய்து முடித்துவிடுகின்றனர். நூறாண்டுகளும் அதற்கு மேலும் கழிகின்றன. அன்று தீது எனப்பட்ட அதே பொருளை இன்று மக்கள் நாடிச் சென்று காண்கின்றனர். அதன்மீது நடந்து உள்ளம் குளிர்கின்றனர். அதற்குச் சிறு ஊறு நேரினும் பொறுக்க மாட்டோம் என்கின்றனர். அப்படியாயின், அன்று இடித்துரைத்தவர் பிழைபட்டவரா? செய்தவர்கள் குற்றம் நீங்கியவர்களாகிவிட்டனரா?

இவ்வினாவை வெறும் தருக்க விளையாட்டாக வாசக அன்பர்கள் கொள்ளலாகாது. ஏரியைத் தூர்ப்பவரும் மலையை உடைப்பவரும், “இன்று வைகிறவர்களே நாளை வாழ்த்துவார்கள்” என்னும் ஒரு விடையை எப்போதும் கையில் வைத்திருக்கின்றனர். அவ்விடை செல்லுமா என்பதை ஓர் இடத்தைக் கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. சுண்ணாம்புக்கல் மலைகளும், அவற்றை அறுத்துக்கொண்டு ஓடும் சிற்றாறுகளும் நிறைந்த நிலப்பகுதி அது. பக்ஸ்டன், பேக்வெல் என்னும் இரண்டு ஊர்களுக்கு இடையே வை என்ற ஆறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கு உண்டு. அதன் ஒரு பகுதிக்கு மான்சல் டேல் என்று பெயர். மான்செஸ்டர் நகரை எட்டும்பொருட்டு மிட்லண்ட் இரயில்வே என்னும் நிறுவனம் இப்பள்ளத்தாக்கின் வழியே இருப்புப்பாதை அமைத்து, 1863-இல் வண்டி ஓட்டத் தொடங்கிற்று. மலை குறுக்கிட்ட இடங்களில் வெடிமருந்து வைத்துச் சுரங்கம் குடைந்தனர். மான்சல் டேலில் ஆறு குறுக்கிட்ட இடத்தில் ஐந்து வளைவுகள் கொண்ட பாலம் ஒன்றை எழுப்பினர். ஒவ்வொரு வளைவும் 50 அடி அகலம். முழு நீளம் ஏறத்தாழ 300 அடி. ஹெட்ஸ்டோன் பாலம் என்பது அதன் பெயர். பாலத்தின் ஒரு முனையிலேயே 487 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வாயில் திறந்திருக்கிறது.

1968-இல் அவ்வழியே வண்டிகள் ஓடுவது நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றனர். தடத்தில் புல் மண்டிற்று. பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவினர் அத்தடத்தை ஏற்று, 1981-இல் மக்கள் நடப்பதற்குரிய பாதையாகத் திறந்துவிட்டனர். சுரங்கங்கள் பாதுகாப்புக் கருதி அடைபட்டுக் கிடந்தமையால் நடப்போர் மேடேறிச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. 2011-இல் அவற்றையும் விளக்கிட்டுத் திறந்தனர். இன்று எட்டரை மைல் தொலைவுக்கு நடையாகவும், மிதிவண்டியிலும், குதிரை மீதும், சக்கர நாற்காலியிலும் மக்கள் செல்கின்றனர். அப்பாதையின் மணிமுடி என்று எல்லாரும் சுட்டுவது அந்த ஐந்து வளைவுப் பாலத்தையே.

இப்பாலத்தைக் கடுமையாகச் சாடியவர் ஜான் ரஸ்கின் (1819–1900). நம்மவர்க்கு அவர் பெயர் புதிதன்று. 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற காந்தியடிகள், நண்பர் போலக் கொடுத்த ரஸ்கினின் நூலைக் கையில் எடுத்தவர் கீழே வைக்க முடியாமல் படித்து முடித்து, வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டார் என்பதை நாம் அறிவோம். தம் உள்ளத்தில் ஆழப் பதிந்த தற்காலத்தவர் மூவர் என்று அடிகள் குறிப்பிடும்போது, நம் சமயத்தவரான இராய்சந்திர பாயையும் டால்ஸ்டாயையும் அடுத்து ரஸ்கினைச் சொல்கிறார். அந்த நூலை அடிகள் படித்தது ஓடும் இரயில் வண்டியில் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

தொழிலாளர்களுக்கு எழுதும் மடல்கள் என்ற பெயரில் 1871 முதல் ரஸ்கின் மாதந்தோறும் ஒரு மடல் வெளியிட்டு வந்தார். அவ்வாண்டு மே மாத மடலில்தான் மான்சல் டேல் பற்றிய பகுதி வருகிறது. கிரேக்கத் தேவர்கள் காலையிலும் மாலையிலும் உலவக் காணத்தக்க இடமாக அப்பள்ளத்தாக்கு இருந்தது என்றும், பாறைகளைப் பிளந்து கல்லையும் மண்ணையும் தெளிந்த ஆற்றில் கொட்டி அதை அழித்துவிட்டீர்கள் என்றும், பள்ளத்தாக்கோடு தேவர்களும் போய்விட்டனர் என்றும் எழுதினார். எதற்காக இத்தனையும்? பக்ஸ்டனில் உள்ள மூடர்கள் பேக்வெல்லுக்கும், பேக்வெல்லில் உள்ள மூடர்கள் பக்ஸ்டனுக்கும் அரை மணியில் போய்ச் சேர்வதற்காக! அவர் சொன்னதன் சாரம் இது.

இன்று அவ்விடத்திற்குச் செல்வோர் பலரும் இக்கதையை அறிந்திருக்கின்றனர். அறிந்தவர்கள் சிரிக்கின்றனர். “எத்துணைப் பெரிய அறிஞர், எப்படித் தவறிவிட்டார் பாருங்கள்! அழிவு என்று அவர் சொன்னதைத்தான் நாம் பார்க்க வருகிறோம்” என்பது அச்சிரிப்பின் பொருள். 1970-இல் பாலம் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. காலம் தீர்ப்பளித்துவிட்டது, ரஸ்கின் தோற்றார் என்று வழக்கை முடித்துவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஷெபீல்டில் உள்ள என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது இப்பாதையில் நடந்திருக்கிறேன். மருமகன் இதே தீர்ப்பைத்தான் எனக்கும் சொன்னார். அவர் தம் கருத்துக்குத் துணையாக நம் பழமொழி ஒன்றையும் எடுத்துவிட்டார்: நாய் விற்ற காசு குரைக்குமா? வந்த வழி எதுவாயினும் வந்த பொருள் நல்லதாயிற்று அல்லவா என்பது அவர் வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எனினும் அன்று முதல் என் மனம் அத்தீர்ப்பை ஏற்க மறுத்தே வந்திருக்கிறது. ஏன் என்பதைத்தான் இங்கே எழுத முனைகிறேன்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கணக்குத் திருத்தக் கற்பித்த முறை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு பிள்ளை முதல் வரியில் ஒரு பிழை செய்கிறது. நான்காம் வரியில் இன்னொரு பிழை செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து விடை சரியாக வந்து நிற்கிறது. விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியர் முழு மதிப்பெண் இட்டுவிடுவார். வரிவரியாகப் பார்க்கும் ஆசிரியர் அவ்வாறு செய்ய மாட்டார். விடை சரி என்பதில் அவருக்கும் ஐயமில்லை. ஆனால் அவ்விடை எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும்.

மான்சல் டேலின் இன்றைய அழகு எங்கிருந்து வந்தது என்று வரிவரியாகப் பார்ப்போம். ரஸ்கின் எழுதியபோது பாதை திறந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வெட்டிய பாறை பச்சைப் புண்ணாக இருந்தது. கொட்டிய கல் ஆற்றோரம் கிடந்தது. நிலக்கரிப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டிகள் ஓடின. நாம் காண்பதோ புகையற்ற, ஓசையற்ற, புல்லும் பூவும் மூடிய ஒரு பாதை. ரஸ்கின் கண்டதும் நாம் காண்பதும் ஒரே பொருளல்ல. அவர் இரயிலைக் கண்டார். நாம் இரயில் இல்லாமையைக் கண்டு மகிழ்கிறோம். ஆளரவமற்ற பாலத்தின் நடுவில் நின்று, கீழே ஆறு வளைந்து செல்வதைப் பார்த்து ஒருவர் பெருமூச்சு விடுகிறார் என்றால், அந்த அமைதி 1863-ஆம் ஆண்டின் கொடையன்று. 1968-ஆம் ஆண்டின் கொடை. நிறுத்தியவர்க்கும், நின்றதன் பின் தடத்தை விற்றுச் சிதைக்காமல் காத்தவர்க்கும், நூறாண்டுகள் பொறுமையாகப் புல் முளைத்த நிலத்துக்கும் சேர வேண்டிய நன்றியை, வெடிவைத்தவர் கணக்கில் வரவு வைப்பது என்ன முறை?

மிட்லண்ட் இரயில்வேயை நடத்தியவர்கள் நடப்போரை நினைத்ததே இல்லை. மான்செஸ்டருக்குப் போட்டியாளரை முந்திக்கொண்டு செல்ல வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். பூதம் வெட்டப் போய்க் கிணறு புறப்பட்ட கதையாக ஒரு நன்மை பின்னால் விளைந்தது. விளைந்ததை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நினையாத நன்மைக்குப் புகழ் கோருவது பொருந்தாது என்று மட்டுமே சொல்கிறேன். கல் அடுக்கிய கொத்தர்களின் கைவண்ணத்தை மட்டும் மனமாரப் புகழலாம். அது அவர்கள் நினைந்தே செய்தது.

இதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. காலம் தீர்ப்பளிக்கும் என்கிறோமே, அந்த மன்றத்தில் அமர்ந்திருப்பவர் யாவர்? ஆற்றில் கல் கொட்டியபோது மாண்ட மீன்கள் அங்கே இல்லை. வெடித்த பாறையோடு மாய்ந்த ஓரறிவு, ஈரறிவு உயிர்களின் எண்ணிக்கையை எவரும் எழுதி வைக்கவில்லை. முன்னிருந்த பள்ளத்தாக்கைக் கண்டிருந்த மனிதர் ஒருவர்கூட இன்று உயிரோடில்லை. அப்பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது. தெரியாததை இழந்ததாக நாம் உணர்வதும் இல்லை. எஞ்சியிருப்பவர் எல்லாரும் பயன் பெற்றவர்கள். வழக்கில் பயன் பெற்ற தரப்பினர் மட்டும் நடுவராக அமர்ந்து, “எங்களுக்கு யாதொரு குறையும் தெரியவில்லை” என்று எழுதும் தீர்ப்பைத் தீர்ப்பு என்று ஏற்கலாமா?

அந்தப் பயன் பெற்ற தரப்பில் நானும் ஒருத்தி. மலைப்பாதை ஏற என் முழங்கால்கள் இடம் கொடா. இரயில் வண்டி செங்குத்தாக ஏறாது என்பதால், மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் அத்தடத்தைச் சமனாக்கினார்கள். அந்தச் சமதளந்தான் எழுபது கடந்த என்னை அப்பாலத்தின் நடுவரை கொண்டுசேர்த்தது. சக்கர நாற்காலியில் ஓர் இளைஞர் என்னைக் கடந்து சென்றார், அவருக்கும் அவ்வாறே. அதை உணர்ந்துகொண்டேதான், வெட்டியது சரியா என்னும் வினாவையும் கேட்கிறேன். பயன் பெற்றவர் வாய் திறக்கலாகாது என்றால் உலகில் எந்தப் பழைய செயலைப் பற்றியும் எவரும் பேச முடியாது.

ஹாடன் ஹால் கதையையும் சொல்ல வேண்டும். இருப்புப்பாதைக்கு வழி தேடியபோது, டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் பூங்காவின் ஊடே செல்ல இசைவு கிட்டவில்லை. ஆகவே ரட்லண்ட் கோமகனின் நிலத்தின் வழியே திருப்பினர். அங்கே ஹாடன் ஹால் என்னும் பழைய மாளிகை இருக்கிறது. மாளிகையின் அருகே வண்டியும் தண்டவாளமும் கண்ணில் படலாகாது என்பதற்காக, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தடத்தைச் சுரங்கத்துள் மறைத்தார்கள். மலையைக் குடைய வேண்டிய கட்டாயம் அங்கில்லை; பெரும்பகுதியை மேலிருந்து தோண்டி, வளைவு கட்டி, மீண்டும் மண்ணால் மூடினர். அப்பணியில் 1861-இல் சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்து தொழிலாளர் சிலர் மாண்டனர். வியப்பு என்னவென்றால், அக்காலத்தில் அந்த மாளிகையில் கோமகன் குடும்பத்தார் குடியிருக்கவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது பூட்டிக் கிடந்தது. 1920-களில்தான் அதைச் செப்பனிட்டு மீண்டும் குடியேறினர்.

ஆளில்லாத மாளிகையின் சாளரத்துக்கு ஒரு கிலோமீட்டர் மறைப்புக் கிடைத்தது. சில மைல் தள்ளி, கேட்பாரற்ற பள்ளத்தாக்குக்கு ஐந்து வளைவுகள் கிடைத்தன. இருப்புப்பாதையால் காட்சி கெடும் என்பதை நிறுவனத்தார் அறியாதவர் என்று இனி யாரும் சொல்ல முடியாது, நன்றாக அறிந்திருந்தார்கள். எவருடைய காட்சியைக் காக்க வேண்டும் என்பதை நிலப்பட்டா தீர்மானித்தது. ரஸ்கின் செய்ததெல்லாம், பட்டா இல்லாத ஒரு பள்ளத்தாக்கின் சார்பில் பேசியதுதான். (கோமகனை வாழ்த்தவும் தோன்றுகிறது, எல்லாப் பள்ளத்தாக்குகளுக்கும் அவரைப் போன்ற பிடிவாதக்காரர் ஒருவர் வாய்த்திருக்கலாம்.)

இவ்வளவும் ரஸ்கின் சார்பாக எழுதினேன். அவரிடம் எனக்குள்ள மனக்குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, “மூடர்கள்” என்ற அந்தச் சொல். பக்ஸ்டனிலிருந்து பேக்வெல் செல்பவர் எல்லாரும் பொழுது போகாமல் செல்பவரா? நோயுற்ற தாயைப் பார்க்கச் செல்லும் மகளும், வேலை தேடிச் செல்லும் இளைஞனும், பால் விற்கச் செல்லும் உழவரும் அவ்வண்டியில் இருந்திருப்பார்கள். ரஸ்கின் செல்வம் மிக்க மது வணிகரின் ஒரே மகன். இளமையிலேயே ஐரோப்பா முழுவதையும் பெற்றோருடன் வண்டி பூட்டிச் சென்று கண்டவர். மலையையும் ஆற்றையும் நின்று பார்க்க அவருக்கு ஓய்வு இருந்தது. அந்த ஓய்வு இல்லாதவர்களின் அவசரத்தை இகழ்வது எளிது. அதுவும், தொழிலாளர்களுக்கு என்று எழுதிய மடலிலேயே! காந்தியடிகளும் 1909-இல் எழுதிய இந்து சுயராஜ்யத்தில் இரயிலைக் கண்டித்தார்; ரஸ்கினைவிடக் கடுமையாகவே கண்டித்தார். ஆயினும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில், கண்டிக்கப்பட்ட அந்த வண்டியில், ஏழைகளோடு நெருக்கியடித்து அமர்ந்து சென்றார். அவர்களை மூடர் என்று அவர் சொன்னதில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ரஸ்கின் அப்பள்ளத்தாக்கைத் தேவர் உலவிய இடம் என்றார். இரயில் வருமுன் அது மாசற்றதாக இருந்தது என்று அதைப் படிப்பவர் எண்ணுவர். மான்சல் டேல் பாலத்திலிருந்து மேற்கே அதே பாதையில் இரண்டு சுரங்கங்களைக் கடந்தால், கீழே ஆற்றோரத்தில் லிட்டன் மில் என்னும் கட்டடம் வரும். ஆற்று நீரின் விசையால் ஓடிய பஞ்சாலை அது. 1780-களில் தொடங்கியது. அங்கே வேலை செய்தவர்களில் பலர் அனாதைச் சிறுவர் சிறுமியர். நகரங்களின் ஏழையர் விடுதிகள் தம் பொறுப்பிலிருந்த பிள்ளைகளைத் தொழில் பழகுநர் என்ற பெயரில் ஆலை முதலாளிகளிடம் அனுப்பிக் கைகழுவின.

அவர்களுள் ஒருவன் ராபர்ட் பிளின்கோ. லண்டனில் செயின்ட் பாங்கராஸ் ஏழையர் விடுதியில் வளர்ந்தவன். ஏழு வயதளவில், 1799-இல், நாட்டிங்காம் அருகே ஓர் ஆலைக்கு அனுப்பப்பட்டு, அது மூடப்பட்டபின் லிட்டன் மில்லுக்கு வந்து சேர்ந்தான். அங்கே பட்ட அடியையும் பசியையும், பன்றிகளுக்கு இட்ட தீனியைச் சிறுவர்கள் திருடித் தின்றதையும், இறந்துபோன பிள்ளைகளை அண்டை ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் புதைத்ததையும் வளர்ந்தபின் அவர் சொல்ல, ஜான் பிரவுன் என்பவர் எழுதினார். 1828-இல் ஓர் இதழிலும் 1832-இல் தனி நூலாகவும் அது வெளிவந்தது. ஆலைச் சிறுவர்களின் வேலை நேரம் பற்றிய வாதங்கள் சூடுபிடித்திருந்த காலம் அது. பிளின்கோ பின்னாளில் சிறு தொழில் நடத்தித் தம் மக்களைப் படிக்கவைத்தார். மகன் ஒருவர் கேம்பிரிட்ஜில் பயின்று பாதிரியாரானார் என்பதைப் படித்தபோது என் கண்கள் நனைந்தன.

இத்தனையும் அந்த அழகிய பள்ளத்தாக்கில், இரயில் வருவதற்கு முன்னர், தெளிந்த ஆற்றின் கரையில் நடந்தது. தேவர்கள் காலையிலும் மாலையிலும் உலவியிருந்தால் அவர்கள் காதில் அக்குழந்தைகளின் அழுகுரல் விழுந்திருக்க வேண்டும். அந்த மடலின் அப்பகுதியில் ரஸ்கின் இதைப் பேசவில்லை. உழைப்பவர் கூலியைப் பற்றி நூலே எழுதிய பெருமகனார், கண்ணுக்கினிய இடம் ஒன்றைக் கண்டபோது அதன் வனப்பில் மயங்கி நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். இன்று லிட்டன் மில் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. பலகணிகளில் பூந்தொட்டிகள் இருக்கின்றன. அதையும் பார்த்து, “காலம் எல்லாவற்றையும் அழகாக்கிவிட்டது” என்று சொல்ல யாருக்கேனும் நாக்கு எழுமா? பாலத்துக்கு எளிதில் சொல்லும் சொல்லை ஆலைக்குச் சொல்ல நமக்குக் கூசுகிறது. ஏன் கூசுகிறது? ஆலையில் பட்டவர்களுள் ஒருவருடைய வாய்மொழி நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதுதான் காரணம். பிளின்கோ சொல்லாமல் இருந்திருந்தால், அந்த ஆலையும் ஆற்றோரத்து அழகிய பழங்கட்டடம் என்ற அளவிலேயே நின்றிருக்கும்.

இங்கேதான் ரஸ்கினின் இடித்துரையை நான் மதிக்கிறேன். அவரால் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியவில்லை. அவர் எழுதியபோது பாலம் கட்டி முடிந்து வண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. வெல்வதற்காக எழுதப்பட்ட எழுத்தன்று அது. அங்கே ஒன்று இருந்தது, அது எடுக்கப்பட்டது என்பதற்கு அவர் விட்டுச்சென்ற சாட்சியம் அது. குறையும் சினமும் கலந்த சாட்சியந்தான். ஆயினும் அது இல்லையெனில், மான்சல் டேல் என்றாலே ஐந்து வளைவுகள் என்றும், படைப்பின் தொடக்கத்திலிருந்தே அவை அங்கே நின்றன என்றும் நம்பிவிட்டிருப்போம்.

நான் இவ்வாறெல்லாம் மருமகனோடு வாதிட்டுக்கொண்டு வந்தபோது, அருகில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பதினாறு வயதுப் பேத்தி, “அப்படின்னா இந்தப் பாலத்தை இடிச்சிடணுமா, பாட்டி?” என்று கேட்டாள். நேர்மையான கேள்வி. கட்டியது தவறு என்பவர் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

இடிக்கலாகாது என்பதே என் விடை. பாலத்தின் இடுக்குகளில் செடிகள் வேரூன்றிவிட்டன. பறவைகள் கூடு வைக்கின்றன. வெடிவைத்துப் பிளந்த பாறைச் சுவர்களில், சுண்ணாம்பு நிலத்தை விரும்பும் காட்டுப் பூக்கள் குடியேறியிருக்கின்றன. இவை எவையும் 1863-ஆம் ஆண்டின் குற்றத்தில் பங்குடையன அல்ல. இன்று இடித்தால் அதே ஆற்றில் அதே கற்கள் மீண்டும் விழும், போன பள்ளத்தாக்கு திரும்பி வராது, இப்போதுள்ளதும் போகும். ஆறின புண்ணிலும் அசடு நிற்கும் என்பார்கள். அசடு நிற்கிறது என்பதற்காக அதைப் பிய்த்தெடுப்பவர் உண்டோ? செய்த செயலுக்கு ஒரு கணக்கு. செய்து நிற்கும் பொருளுக்கு வேறொரு கணக்கு. முன்னதைத் தவறு என்று சொல்லிக்கொண்டே பின்னதைப் பேணிக் காக்கலாம். மூதாதையர் எவரோ முறைதவறி ஈட்டிய நிலத்தில் பிறந்துவிட்ட பிள்ளைக்கும் இதுதான் நிலைமை. நிலத்தைத் தரிசாகப் போடுவது யாருக்கும் நன்மையன்று. ஆனால் அது வந்த வழியைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைப்பதும், “பாட்டனார் கெட்டிக்காரர்” என்று கதை கட்டுவதும் இரண்டாவது திருட்டு. நாய் விற்ற காசு குரைக்காதுதான். விற்றவன் வாயும் சேர்ந்து அடைபட வேண்டும் என்று பழமொழி சொல்லவில்லையே!

இந்த வழக்கு பழங்கதையாக முடிந்துவிடவும் இல்லை. அத்தடத்தில் மீண்டும் இருப்புப்பாதை அமைக்க வேண்டும் என்னும் கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. சாலைகளில் கார்களும் சரக்கு வண்டிகளும் பெருகிக் காற்று கெடுகிறது. இரயில் வந்தால் அது குறையும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நடைபாதையின் அமைதியை நாடி வருபவருள் மிகப் பலர் காரில்தான் வந்து இறங்குகின்றனர். மான்சல் ஹெட் என்னும் மேட்டில் நிறுத்த இடமின்றி வண்டிகள் சுற்றிச் சுற்றி வருவதை நானே பார்த்தேன். எதிர்ப்பவர்களோ, இப்பாதை போனால் இதற்கு ஈடு கிடையாது என்கின்றனர். நகைப்புக்குரிய திருப்பம் இது: ரஸ்கின் அன்று இரயில் வரலாகாது என்று பேசிய அதே சொற்களை, ரஸ்கின் தோற்றார் என்று சிரித்தவர்கள் இன்று கையில் எடுத்துக்கொள்கின்றனர்.

ரஸ்கின் இருந்தால் எந்தப் பக்கம் நிற்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. புகைக்கு அவர் பெரும்பகைவர். என்னைக் கேட்டால், இரயில் வேண்டும் என்பவர்களிடம் ஒன்றை எதிர்பார்ப்பேன். எதை எடுக்கிறோம், யாரிடமிருந்து எடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தச் சக்கர நாற்காலி இளைஞர் எங்கே செல்வார் என்பதற்கு அதில் விடை இருக்க வேண்டும். “வந்த பிறகு நீங்களே விரும்புவீர்கள்” என்னும் சொல் மட்டும் அதில் வரலாகாது.

பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இரயில் திரும்ப வரவேண்டும் என்னும் தரப்பில் தான் சேர்ந்திருப்பதாகச் சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னாள். நடப்பவர்களுக்கு என்ன வழி செய்வீர்கள் என்று கேட்டேன். பக்கத்திலேயே வேறு பாதை வெட்டலாம் என்கிறார்கள் பாட்டி என்றாள். எந்தப் பக்கத்தில், எந்தப் பாறையில் என்று கேட்டிருக்கிறேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.